கூட்டாமல் குறைக்காமல்

அத்தியாயம் 14

புருஷனும் பெண்டாட்டியும் பேச்சை நிறுத்திவிட்ட வீட்டில் யாருக்கு வேலை அதிகம்? சந்தேகமே வேண்டாம், நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளைக்குத்தான்.

நம் பெட்டிக்காரர் வீட்டில் அந்தப் பிள்ளை பட்டாணி. பிறந்தபோது உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவாள் போல இருந்ததால் வந்த பெயர். இப்போது பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷத்தில் படிக்கிறாள், அப்பாவைவிட ஒரு விரல் உயரம். பெயர் மட்டும் வளரவில்லை.

சண்டை எதற்கு என்பது போன வாரமே நாம் பார்த்ததுதான். வெளியூரில் உள்ள மொழிக் கல்லூரி ஒன்று பட்டாணியைக் கூப்பிடுகிறது. ஸ்பானிஷ் பாடத்தில் மேல்நிலை மாணவர்களுக்கான இலக்குகள் அத்தனையையும் அவள் முடித்துவிட்டால் இடம் உறுதி. "போகட்டும்" என்கிறாள் அம்மா. "இங்க இல்லாத படிப்பா?" என்கிறார் அப்பா. சூட்கேஸ் ரிப்பேர் செய்தே ஆயுளில் பாதியைக் கழித்தவர், ஊரில் உள்ளவர்களை எல்லாம் பயணம் அனுப்பி வைக்கிறவர், தன் வீட்டுப் பரணில் இருக்கும் பெட்டியை மட்டும் இறக்கமாட்டேன் என்று நிற்கிறார்.

அன்றிலிருந்து வீட்டுச் செய்தி எல்லாம் பட்டாணி வழியாகத்தான் போகிறது.

"உங்கப்பாவுக்குக் காது கேக்குதா இல்லையான்னு கேளு. கேஸ் தீர்ந்து போச்சு" என்று அம்மா சொன்னால், அது கூடத்தைத் தாண்டுவதற்குள், "அப்பா, கேஸ் தீந்துடுச்சாம். முடிஞ்சா சொல்லி வைக்கிறீங்களா?" என்று ஆகிவிடும். "என்னால முடியாதுன்னு சொல்லு" என்று அவர் உறுமினால், அது அடுப்படிக்குப் போய்ச் சேரும்போது, "சாயங்காலம் பாக்கறாராம்மா" என்று இனிக்கும்.

இந்தச் சர்க்கரைதான் அவளுக்கு வினையாக வந்து நின்றது.

ஸ்பானிஷ் டீச்சர் எழுதிக்கொடுத்த இலக்குகளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தாள் பட்டாணி. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் பெட்டிக்காரர் அதைப் படித்துப் பார்ப்பார். முகம் தெரியாத ஆளோடு போனில் பேசிக் காரியத்தை முடிப்பது. ஒரு கட்சியில் நின்று வாதாடிவிட்டு, உடனே எதிர்க்கட்சிக்குத் தாவி அதே வேகத்தில் வாதாடுவது. ஒரு சொல் தெரியாவிட்டால் முழிக்காமல், தெரிந்த சொற்களை வைத்துச் சுற்றி வளைத்துப் புரியவைப்பது. நடந்ததைச் சொல்வது, நடக்காமல் போனது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் சொல்வது.

இதில் பாதியை நான் தமிழிலேயே செய்யமாட்டேனே என்று அவருக்குத் தோன்றும். கையில் பாட்டிலோடு, கதவைத் திறந்தபடியே நின்றுவிடுவார். ஃப்ரிட்ஜ் கூவி அவரை விரட்டும்.

எல்லாவற்றுக்கும் எதிரே பச்சை மையில் டிக் விழுந்தாகிவிட்டது, கடைசி ஒன்றைத் தவிர. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் நின்று, இவர் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை இவருக்கும் கூட்டாமல் குறைக்காமல் கொண்டுபோவது. வகுப்பில் பட்டாணி இதில் ஒரு முறைக்கு இரண்டு முறை தோற்றுவிட்டாள். ஒருவர் கோபமாகச் சொன்னால் இவள் அதை வருத்தமாக்கிவிடுகிறாள். வருத்தமாகச் சொன்னால் பரவாயில்லை என்று ஆக்கிவிடுகிறாள்.

"நீ ரொம்ப நல்ல பொண்ணு. அதான் உன்னோட பிரச்னையே" என்றாராம் டீச்சர்.

கடைசி வாய்ப்பு இந்த வெள்ளிக்கிழமை. டீச்சரின் வழக்கம் அது. கடைசி இலக்கை வகுப்பறைக்குள் வைத்து டிக் போடமாட்டார். நிஜமாகவே பேச வேண்டிய விஷயம் உள்ள இரண்டு பேரை மாணவிதான் தேடிப் பிடிக்கவேண்டும். டீச்சர் ஒரு மூலையில் உட்கார்ந்து வாய் திறக்காமல் கேட்பார்.

பட்டாணி பிடித்த ஆட்கள் யார் தெரியுமா? ஒருவர் துறைமுகத்தில் நிற்கும் கப்பலில் சமையல் வேலை பார்க்கும் ஸ்பானிஷ்கார அம்மாள். பூட்டு உடைந்த தன் பெட்டியைக் கடையில் கொடுத்திருந்தார், வெள்ளிக்கிழமை வாங்கிக்கொள்ள வருகிறார். இன்னொருவர் சாட்சாத் நம் பெட்டிக்காரர்தான்.

"ஈஸிப்பா. அவங்க நன்றின்னு சொல்வாங்க, நீங்க பரவாயில்லன்னு சொல்லுங்க. பூட்டைப் பத்தி நாலு வார்த்தை. அவ்ளோதான்" என்றாள் காலையில், ஷூ மாட்டிக்கொண்டே. "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. நான் அங்க இல்லவே இல்லன்னு நினைச்சுக்கணும். நீங்க 'நான்'னு சொன்னா, நானும் ஸ்பானிஷ்ல 'நான்'னுதான் சொல்வேன். அது நான் இல்ல, நீங்க."

"காலங்காத்தால தலையச் சுத்த வைக்காத."

அவருக்கு இந்தப் பரீட்சையில் அவள் ஜெயிக்கவும் வேண்டும், ஜெயித்துவிட்டால் போய்விடுவாளே என்றும் இருந்தது. இரண்டையும் ஒரே சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

*

கடை சின்னதுதான். சுவர் முழுக்கக் கைப்பிடிகளும் சக்கரங்களும் தொங்கும். பசை வாசம் எப்போதும் இருக்கும். மத்தியானம் பட்டாணி டீச்சரை அழைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்துவிட்டாள். ஒல்லியான டீச்சர், மூலையில் கிடந்த பெரிய டிரங்குப் பெட்டியின்மேல் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் கப்பல் சமையல்காரம்மாவும் வந்தார். அகலமான தோள்கள், நரைத்த குட்டை முடி, சூடு பட்டுச் சூடு பட்டுத் தழும்பேறிய கைகள்.

பெட்டிக்காரர் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவருக்குள் ஒரு கல்யாண வீட்டுச் சந்தோஷம். காரணம், பூட்டை மட்டும் அவர் சரிசெய்யவில்லை. பெட்டியின் உள்துணி வெளுத்து, ஓரம் கிழிந்து, பார்க்கச் சகிக்காமல் இருந்தது. இப்படியே கொடுத்தால் கடைக்கு என்ன மரியாதை? பழசைப் பிரித்து எறிந்துவிட்டு, ஊதா நிற சாட்டின் துணி தைத்துப் போட்டிருந்தார். அதற்குக் காசும் கேட்கப்போவதில்லை. அவர் மனசு அப்படி.

சமையல்காரம்மா பூட்டைத் திருகிப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார். மூடியைத் தூக்கினார்.

தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

பிறகு மெதுவாக ஏதோ கேட்டார். பட்டாணி அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"உள்ள இருந்த துணி எங்க?"

"அது கிழிஞ்சு கிடந்துச்சும்மா. எடுத்துட்டேன். புதுசு போட்டிருக்கேன், என் அன்பளிப்பா."

பட்டாணி ஸ்பானிஷில் ஆரம்பித்தாள். நடுவில் ஒரு சொல் தட்டியது. உள்துணிக்கு ஸ்பானிஷில் என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. முழிக்கவில்லை. கையால் தன் கோட்டின் உள்பக்கத்தைத் தொட்டுக் காட்டி, ஏதோ சுற்றி வளைத்துச் சொன்னாள். அந்த அம்மாள் தலையசைத்தார், புரிந்துவிட்டது. பெட்டிக்காரர் அசந்துபோனார். ஃப்ரிட்ஜ் கதவில் படித்தது கண்முன்னே நடக்கிறது.

அசந்துபோக அவருக்கு அதிக நேரம் கிடைக்கவில்லை. அந்த அம்மாளின் அடுத்த வார்த்தைகளைப் பட்டாணி கொண்டுவந்தாள்.

"போன்ல நான் கேட்டேனே. பூட்டு மட்டும்தானேன்னு கேட்டேன், ஆமான்னு சொன்னீங்க. உள்ள கை வைக்கமாட்டீங்கதானேன்னு கேட்டேன், அதுக்கும் ஆமான்னு சொன்னீங்க."

பெட்டிக்காரர் பெட்டியின் மூடியை மெல்லச் சாத்தினார்.

போன் வந்தது நிஜம். பட்டாணி அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அவருக்குத் தெரிந்த ஸ்பானிஷ் ஒரே ஒரு சொல், மகள் விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்த 'ஸீ'. அதற்கு ஆமாம் என்று அர்த்தம். தனக்கும் ஸ்பானிஷ் தெரிகிறதே என்ற குஷியில் அந்த அம்மாள் மூச்சு விட்ட இடத்தில் எல்லாம் "ஸீ, ஸீ" என்று போட்டுத் தள்ளியிருந்தார். பேசி முடித்ததும் கண்ணாடியில் தன் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார் என்பதையும் நாம் மறைக்க வேண்டாம்.

இப்போது என்ன சொல்வது? எலி கடித்துவிட்டது என்று சொல்லலாம். பசை கொட்டிவிட்டது என்று சொல்லலாம். நாக்கு நுனிவரைக்கும் எலி வந்துவிட்டது.

பட்டாணி அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் எதைச் சொன்னாலும் எடுத்துக்கொண்டு போகத் தயாராக, முகத்தில் எந்தக் கேள்வியும் இல்லாமல். 'நான் பார்த்தேன், எலி கடித்துவிட்டது' என்று அவள் ஸ்பானிஷில் சொல்வாள். அவள் குரலில், அவள் வாயால், 'நான்' என்று சொல்வாள்.

அந்த வாய்க்குள் ஒரு பொய்யைத் தூக்கிப் போட அவருக்கு மனசு வரவில்லை.

"எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. நீங்க கேட்டது எதுவும் எனக்குப் புரியல. தெரிஞ்ச மாதிரி ஆமா ஆமான்னு சொல்லிட்டேன், கொஞ்சம் பெருமைக்கு. துணிய வீட்ல கழிவு மூட்டையில போட்டேன். நேத்து குப்பை வண்டி வந்துட்டுப் போயிடுச்சு. தப்பு என்னோடதுதான்."

பட்டாணி சொன்னாள். ஒரு மூச்சில், தலை நிமிர்ந்து சொன்னாள். 'கொஞ்சம் பெருமைக்கு' என்ற இடத்தில்கூடக் குரல் இறங்கவில்லை. மொழி புரியாவிட்டாலும் தன் வாக்குமூலம் தன் மகளின் குரலில் போவதைப் பெட்டிக்காரர் கேட்டார். அவர் சொன்னதைவிட அது நிமிர்ந்து நிற்பதாக அவருக்குப் பட்டது.

அதற்கப்புறம் அந்த அம்மாள் வெளுத்து வாங்க ஆரம்பித்தார். கை மேஜையைத் தட்டியது. சுவரில் தொங்கிய சக்கரங்கள் ஆடின. முடித்துவிட்டு, சொல்லு என்பதுபோல் பட்டாணியைப் பார்த்தார்.

பட்டாணி அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"அப்பா... அவங்க கொஞ்சம் வருத்தமா இருக்காங்க. நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேன்னு..."

மூலையில் டீச்சரின் பேனா நின்றது.

பெட்டிக்காரருக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. இது அந்தச் சர்க்கரை. வீட்டில் தினமும் அவர் குடிக்கிற அதே சர்க்கரை. இப்போது அவர் சும்மா இருந்தால் போதும். தலையை ஆட்டிவிட்டு, சரிம்மா என்று சொன்னால் போதும். பட்டாணி தோற்றுவிடுவாள். கல்லூரி இல்லை, ரயில் இல்லை, பரணில் பெட்டி அப்படியே இருக்கும். சாயங்காலம் கடைக்கு வந்து, "அப்பா, பூட்டலாமா?" என்று கேட்பாள். அடுத்த வருஷமும் கேட்பாள்.

அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். அவளுக்கும் தெரிந்திருந்தது. தோற்றாலும் பரவாயில்லை, அப்பாவை இந்த வார்த்தைகளால் அடிக்கமாட்டேன் என்று அந்த முகம் சொன்னது.

"பட்டாணி" என்றார். "அவங்க 'கொஞ்சம்'னு சொல்லல. மேஜை ஆடினதுலயே தெரியுது. முழுசா சொல்லும்மா."

"அப்பா..."

"நீ இங்க இல்லன்னு நீதானே சொன்ன? நீ நகரு. அவங்க சொல்லட்டும்."

பட்டாணி கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். திறந்தபோது குரல் மாறியிருந்தது.

"உங்கள யார் கேட்டா? அடுத்தவங்க பெட்டிக்குள்ள எது பழசு, எது குப்பைன்னு முடிவு பண்ண நீங்க யாரு? புரியலன்னா புரியலன்னு சொல்ல உங்களுக்கு வாய் இல்லையா? உங்க பெருமைக்கு என்னோட வீட்டத் தூக்கிக் குப்பையில போட்டுட்டீங்க. இந்த ஊதாத் துணி எனக்கு வேண்டாம். பார்க்கவே அசிங்கமா இருக்கு."

பெற்ற மகள் முகத்துக்கு நேரே நின்று திட்டுகிறாள். ஒவ்வொரு வார்த்தையும் சுருக்கென்று தைத்தது. ஆனால் பெட்டிக்காரரின் நெஞ்சு என்னவோ பொங்கிக்கொண்டு வந்தது. எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்கிறாள்! எங்கோ கடலில் திரியும் ஒரு மனுஷியின் கோபத்தை, ஒரு துளி சிந்தாமல் தூக்கிக்கொண்டு வந்து தன் அப்பாவின் முன்னால் இறக்கி வைக்கிறாள். இவளைத்தானா நாம் தினமும் கேஸ் சிலிண்டருக்குத் தூது விட்டோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

"வீடா? துணின்னுதானே நினைச்சேன். அது என்ன துணி?" என்று கேட்டார்.

கேள்வி போனது. அந்த அம்மாள் உட்கார்ந்தார். குரல் தணிந்து, கண்ணீரோடு சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொல்ல ஆரம்பித்தார். பட்டாணியும் அதே தணிந்த குரலில், அதே இடைவெளி விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"அது எங்க சமையலறை ஜன்னலோட திரை. மஞ்சள் எலுமிச்சம்பழம் போட்டது. என் பிள்ளைங்க அதப் பிடிச்சுத்தான் நிக்கப் பழகினாங்க. வீடு போயிடுச்சு. திரைய மட்டும் கழட்டிக்கிட்டு வந்து பெட்டிக்குள்ள வச்சு நானே தைச்சேன். எந்தத் துறைமுகத்துல பெட்டியத் திறந்தாலும் எங்க ஜன்னலத் திறக்கிற மாதிரி இருக்கும். இப்போ எனக்குன்னு வீடே இல்ல. இனிமே நான் எங்கயும் திரும்பிப் போகப் போறதில்ல."

"என்னடி சொல்ற!"

வாசலில் அம்மா. அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபில் காலையிலேயே வேலை முடிந்துவிடும். தினமும் அப்பாவின் சாப்பாட்டைப் பட்டாணிதான் கொண்டுவருவாள். இன்று அவள் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்துவிட்டதால், வேறு வழியில்லாமல் அம்மாவே கிளம்பி வந்திருந்தாள். கடைசி இரண்டு வாக்கியங்கள் மட்டும்தான் காதில் விழுந்திருந்தன. பெற்ற பெண் கண்கலங்க நின்று, எனக்கு வீடே இல்லை, திரும்பிப் போகமாட்டேன் என்றால் எந்தத் தாய்தான் பொறுப்பாள்?

"நான் இல்லம்மா, அவங்க!" என்று பட்டாணி பதறினாள்.

ஆனால் சமையல்காரம்மா இதை எதையும் கவனிக்கவில்லை. எழுந்து நேராக அம்மாவை நோக்கி நடந்தார். அம்மா கையிலிருந்த சாப்பாட்டு டப்பாவை ஒரு துணி சுற்றியிருந்தது. வெளுத்த துணி. அதில் மஞ்சள் எலுமிச்சம்பழங்கள்.

"இதுவா? கழிவு மூட்டையில கிடந்துச்சு" என்றாள் அம்மா, யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல். "நல்ல பருத்தியா இருக்கேன்னு எடுத்துத் துவைச்சு, ஓரம் மடிச்சுத் தச்சேன். கேட்டுட்டுச் செய்யலாம்னா, கேக்கறதுக்கு இங்க யார் பேசறா?"

கடைசி வாக்கியம் யாருக்கு என்பது எல்லாருக்கும் தெரிந்தது. பட்டாணி அதையும் ஸ்பானிஷில் சொன்னாள். ஒரு சொல் குறைக்கவில்லை.

சமையல்காரம்மா முடிச்சை அவிழ்த்தார். துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பசை டப்பாவை மூடக்கூடப் பெட்டிக்காரருக்குத் தோன்றவில்லை. பிறகு அவர் சொன்னதைப் பட்டாணி அம்மாவிடம் கொண்டுபோனாள்.

"பழைய வாசம் போயிடுச்சு. சோப்பு வாசம்தான் வருது. போகட்டும். கிழிஞ்ச ஓரத்தைத் தைக்கணும் தைக்கணும்னு நானும் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். நீங்க தச்சுட்டீங்க."

பெட்டிக்காரர் அதற்குள் தையல் பிரிக்கும் கத்தியை எடுத்துவிட்டார். "கப்பல் கிளம்பறதுக்குள்ள பழையபடி வச்சுத் தரேன். ஒவ்வொரு தையலும் அதே இடத்துல."

அந்த அம்மாள் முதல் முறையாகச் சிரித்தார். பட்டாணியின் தோளில் கை வைத்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். பட்டாணிக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. வாய் திறக்கவில்லை.

டிரங்குப் பெட்டியிலிருந்து டீச்சர் தொண்டையைக் கனைத்தார். அன்று அவர் போட்ட ஒரே சத்தம் அதுதான்.

"சொல்றேன் டீச்சர்" என்று நெளிந்தாள் பட்டாணி. "'நான் கோபத்துல இருந்தப்ப என்னோட கோபத்த இந்தப் பொண்ணு தாங்கிக்கிட்டா. அழுதப்ப எனக்காகக் கண்கலங்கினா. வீட்ட விட்டு வந்த பிறகு, நான் பேசறது முழுசா இன்னொருத்தருக்குப் போய்ச் சேர்ந்தது இன்னைக்குத்தான். இவள நான் மறக்கமாட்டேன்.' அவ்ளோதான். அவங்கதான் சொன்னாங்க, நான் இல்ல!"

பெட்டிக்காரர் தையல் கத்தியைக் கீழே வைத்தார். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இருவரும் ஒரே நேரத்தில் மகளைப் பார்த்தார்கள், ஒரே நேரத்தில் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

டீச்சர் பேனாவை மூடினார். முடிவு திங்கட்கிழமை என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சர்க்கரை போட்ட அந்த ஒரு இடத்துக்காக டிக்கை நிறுத்திவிடுவாரோ, யாருக்குத் தெரியும்? சமையல்காரம்மாவும் சாயங்காலம் வருவதாகச் சொல்லிப் புறப்பட்டார். மேஜைமேல் எலுமிச்சம்பழத் திரை விரிந்து கிடந்தது.

பெட்டிக்காரர் சாட்டினைப் பிரிக்க உட்கார்ந்தார். அம்மா போகவில்லை. டப்பாவை வைத்துவிட்டு, வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அங்கேயே நின்றாள்.

"பட்டாணி."

"சொல்லுங்கம்மா."

"உங்கப்பாகிட்ட ஒண்ணு சொல்லணும். சர்க்கரை போடாத. இப்போ செஞ்சியே, அப்படிச் சொல்லு."

பட்டாணி இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள், தன் முகத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டவள் போல. அம்மா அவள் காதருகே குனிந்து முணுமுணுத்தாள். கேட்கக் கேட்கப் பட்டாணியின் கண்கள் அகலமாயின. ஆனாலும் அப்பாவின் பக்கம் திரும்பியபோது குரல் ஆடவில்லை.

"அவ போகட்டும்னு நான் கத்தறேன்ல, எனக்கும் பயமாத்தான் இருக்கு. அவ போயிட்டா இந்த வீட்ல நாம ரெண்டு பேரும் என்ன பேசப்போறோம்? அவ இல்லாம உங்களோட பேச எனக்கு மறந்தே போச்சுங்க."

தையல் கத்தி சாட்டினில் பாதியில் நின்றது.

பெட்டிக்காரர் தலைநிமிர்ந்தார். மகளைப் பார்க்கவில்லை, அவளைத் தாண்டிப் பின்னால் நின்றவளைப் பார்த்தார். சுவரோரம் கிடந்த ஸ்டூலைக் காலால் மேஜை பக்கம் இழுத்துப் போட்டார்.

"பட்டாணி, நீ கொஞ்சம் வெளிய நில்லும்மா" என்றார். "இதுக்கு நடுவுல ஆள் வேண்டாம்."